பையனைக் கேக்காது, குடும்பத்தைத்தான் கேக்கும்: பைத்தான் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல ஒரே வியாதியாக்கும். கிளாஸை சப்கிளாஸ் பண்ணுனோம் (அதுக்குப் பிள்ளையா இன்னொரு கிளாஸ் எழுதுனோம்), இல்லன்னா உள்ள ஒண்ணை வச்சு ராப்பர் எழுதுனோம், டண்டர் மெத்தடை நம்ம இஷ்டத்துக்கு மாத்துனோம், ஆனா பைத்தான் அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது, ஏன்? சரி, வேற கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிருதேன். டண்டர் மெத்தட்னா நாம கூப்பிடாமலே பைத்தான் தானா கூப்பிடுற மெத்தட், டண்டர்னு நான் எழுதுற இடத்துல எல்லாம் பேருக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர் இருக்குன்னு நீங்களே போட்டுக்கிடுங்க. கோடை அப்படியே அச்சுல போட்டா பத்தி அகலம் பத்தாம வரி மடங்கி இண்டென்ட் கெட்டுப் போவுது, பைத்தான்ல இண்டென்ட் போனா எல்லாம் போச்சு. அதனால வாயால சொல்லுத மாதிரியே எழுதுதேன், நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பைய அடிச்சுப் பாருங்க.

"அக்கா, எங்க அப்பாவுக்கு தோவாளை மார்க்கெட்ல பூ கமிஷன் கடை. வெல மணிக்கொரு தரம் மாறும், அதைக் குறிக்க டிக்டை (பேருக்கு எதிர்ல வெலன்னு ஜோடியா வைக்கிறது) சப்கிளாஸ் பண்ணி ஒரு கிளாஸ் எழுதினேன். ஒருத்தர் பிச்சின்னு அடிப்பாரு, ஒருத்தர் பிச்சிப்பூன்னு அடிப்பாரு, இன்னொருத்தர் பின்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு அடிப்பாரு, எல்லாம் ஒரே பேரா மாறட்டும்னு சதுர அடைப்புல போடும்போது ஓடுற டண்டர் செட்ஐட்டத்தை மாத்தினேன். ஒண்ணொண்ணா போட்டா சரியா மாறுது. காலைல வர்ற மொத்த லிஸ்டை அப்டேட்ல குடுத்தா பிச்சி தனியா, பிச்சிப்பூ தனியா, ரெண்டு வெலையோட நிக்குது. 'இதுக்கு நம்ம நோட்டே தேவல'ங்காரு அப்பா. வெப்ராளமா இருக்கு."
தோவாளை பக்கத்துத் தம்பி

தம்பி, உன் கோடுல தப்பு ஒண்ணும் இல்ல. நீ நம்புன ஆளுதான் சரியில்ல.

டிக்டுக்க அப்டேட் மெத்தட் சி மொழில எழுதினது. நாம எல்லாரும் ஓட்டுற சிபைத்தான்ல அது நேரா உள்ள இருக்கிற ஹாஷ் டேபிள்ல கொண்டு போய் வச்சிரும், நீ ஒரு செட்ஐட்டம் எழுதி வச்சிருக்கியான்னு திரும்பிக்கூடப் பாக்காது. அப்டேட் மட்டும் இல்ல, கிளாஸை உண்டாக்கும்போதே இனிட்ல ஒரு டிக்டைக் குடுத்தாலும் அதே கததான், செட்டிஃபால்ட்டும் அப்படித்தான். எடுக்கிற பக்கத்துலயும் உண்டு: நீ கெட்ஐட்டத்தை மாத்தியிருந்தா சதுர அடைப்புல கேக்கும்போது மட்டும் உன் கோடு ஓடும், கெட், பாப் ரெண்டும் உன்னைக் கேக்காமலே எடுத்துக் குடுத்திரும். பூ மூட்டைக்கு முன்வாசல்ல நீ தராசு வச்சுக் காத்து நிக்க, பின்வாசல் வழியா லோடு இறங்குது, இதாக்கும் நடக்கிறது.

ஏன் இப்பிடின்னா கொஞ்சம் பழைய கதை. 2001 டிசம்பர்ல பைத்தான் 2.2 வர்ற வரைக்கும் டிக்ட், லிஸ்ட், இன்ட் எதையும் சப்கிளாஸ் பண்ணவே முடியாது, உள்ளமைஞ்ச டைப் ஒரு ஜாதி, நாம எழுதுற கிளாஸ் இன்னொரு ஜாதி. 2.2லதான் ரெண்டையும் சேத்தாங்க. நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1ல திருவிதாங்கூர் கொச்சிய விட்டுட்டு இந்தப் பக்கம் சேந்த மாதிரின்னு வச்சுக்கோ, பேப்பர்ல அன்னைக்கே சேந்தாச்சு, ஆனா சாயாவும் பழம்பொரியும் அப்படியேதான இருக்கு, டிக்டுக்குள்ள உள்ள சி கோடுக்கும் பழைய பழக்கம் போகல. போகவும் வேண்டாம்னுதான் விட்டு வச்சிருக்காங்க, ஏன்னா பைத்தானே உள்ளுக்குள்ள எல்லாத்துக்கும் டிக்டைத்தான் பயன்படுத்துது, ஒவ்வொரு தடவையும் "சப்கிளாஸ்காரன் ஏதாவது மாத்தியிருக்கானா"ன்னு பாத்துக்கிட்டு நின்னா வேகம் போயிரும்.

இப்ப உனக்கு மூணு வழி. அப்டேட், இனிட், செட்டிஃபால்ட் எல்லாத்தையும் நீயே திரும்ப எழுதி ஓட்டையடைக்கலாம். செய்யாத. ஏன்னா 3.9ல டிக்டுக்கு செங்குத்துக் கோடும் சமக்குறியும் சேந்த ஒரு புது ஆப்பரேட்டர் வந்துச்சு, அதுவும் மொத்தமா அப்டேட் பண்றதுதான், அதுவும் உன் செட்ஐட்டத்தைக் கூப்பிடாது. 3.8ல ஓட்டையெல்லாம் அடைச்சு முடிச்சவன் அடுத்த வருஷம் புது ஓட்டையோட நின்னான்.

ரெண்டாவது, எல்லாரும் சொல்லுற கலெக்ஷன்ஸ் மாட்யூல்ல உள்ள யூசர்டிக்ட். சப்கிளாஸ் பண்ண வழியே இல்லாத காலத்துல மாத்து ஏற்பாடா எழுதுனது அது, முழுக்க பைத்தான்லயே இருக்கும், டேட்டாங்கிற பேர்ல உள்ள ஒரு சாதா டிக்டை வச்சிருக்கும். இனிட்டும் அப்டேட்டும் உன் செட்ஐட்டம் வழியாத்தான் போவும், உனக்க பிச்சிப்பூ பிரச்சினை உடனே தீரும். ஆனா "இன்" போட்டு இருக்கா இல்லையான்னு கேட்டா அதுக்க டண்டர் கன்டெய்ன்ஸ் நேரா டேட்டாவுக்குள்ள போய்ப் பாக்கும், உன் பேர் மாத்துற கோடு அங்க ஓடாது. நான் இப்ப சொன்ன அந்த 3.9 ஆப்பரேட்டரும் யூசர்டிக்ட்ல டேட்டாவோட நேரா சேத்துத்தான் வைக்குது. யூசர்டிக்ட் போட்டா எல்லாம் சரியாயிரும்னு சொல்லுதவங்க இதை ரெண்டையும் சொல்லுறதில்ல.

அதனால உன் கேஸுக்கு நான் சொல்லுறது மூணாவது வழி. கலெக்ஷன்ஸ் ஏபிசில உள்ள மியூட்டபிள்மேப்பிங்கை சப்கிளாஸ் பண்ணு. அஞ்சே அஞ்சு மெத்தட் நீ எழுதணும்: கெட்ஐட்டம், செட்ஐட்டம், டெல்ஐட்டம், ஐடர், லென். இனிட்டும் நீயே எழுதணும், உள்ள ஒரு காலி டிக்டை வச்சிட்டு வந்த லிஸ்டை செல்ஃப்க்க அப்டேட்டுக்குக் குடு, அவ்வளவுதான். கெட், பாப், அப்டேட், செட்டிஃபால்ட், இன் எல்லாம் தானா வந்திரும், எல்லாமே உன் அஞ்சு வாசல் வழியாத்தான் போவும், பின்வாசலே கிடையாது. பேரைச் சுத்தம் பண்ற வேலையை ஒரு தனி ஃபங்ஷனா வச்சு கெட், செட், டெல் மூணுலயும் முதல் வரியா கூப்பிட்டுக்கோ.

வெல என்னன்னா, சாதா டிக்டை விட மெதுவா ஓடும். பூக்கடைல நாப்பது அம்பது பேருதான இருக்கும், உனக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் இது டிக்ட் இல்ல, இஸ்இன்ஸ்டன்ஸ் போட்டு டிக்டான்னு கேட்டா இல்லங்கும், ஜேசன்ல டம்ப்ஸுக்கு நேரா குடுத்தா டைப்எரர் வரும், வெளிய அனுப்பும்போது டிக்ட்னு சுத்தி ஒரு தடவை மாத்திக் குடுக்கணும்.

அப்போ டிக்டை சப்கிளாஸ் பண்ணவே கூடாதான்னு கேப்ப. பண்ணலாம், டிக்டே "இதை நான் கூப்பிடுவேன்"னு வாக்கு குடுத்த இடம் ஒண்ணு உண்டு: டண்டர் மிஸ்ஸிங். கீ இல்லன்னா கெட்ஐட்டம் அதைத் தேடிப் போய்க் கூப்பிடும், எண்ணிக்கை வைக்கிற கவுண்டர்ங்கிற கிளாஸ், தன்கிட்ட இல்லாத பேருக்கு பூஜ்யம் குடுக்கிறது அப்படித்தான். கெட் மெத்தட் மட்டும் அதையும் கூப்பிடாது. வாக்கு குடுத்ததை மாத்து, வாக்கு குடுக்காததை மாத்திட்டு கூப்பிடுவான்னு காத்துக்கிட்டு இருக்காத.

"அக்கா, குளச்சல்ல மீன் ஏலக் கணக்கு பாக்கிற ஆளு நான். யாரு எப்ப எதை மாத்துனாங்கன்னு லாக் வேணும்னு லிஸ்டை உள்ள வச்சு ஒரு ராப்பர் எழுதினேன். டண்டர் கெட்ஆட்டர் ஒண்ணே ஒண்ணு, எந்த மெத்தட் கேட்டாலும் லாக்ல எழுதிட்டு உள்ள இருக்கிற லிஸ்டுக்குத் தள்ளி விட்டிரும். அப்பெண்ட், பாப், சார்ட் எல்லாம் ஜம்முன்னு போவுது. லென் போட்டா இதுக்கு லென்னே இல்லன்னு டைப்எரர். புள்ளி வச்சு டண்டர் லென்னை நேரா கூப்பிட்டா சரியான எண்ணிக்கை வருது! சவம், போட்டும்னு அந்த ஆப்ஜெக்ட்லயே டண்டர் லென்னு ஒரு லாம்ப்டாவை (பேரில்லாத குட்டி ஃபங்ஷன்) ஒட்டி வச்சும் பாத்தேன், அப்பவும் அதே எரர். மண்டை காஞ்சு போச்சு."
குளச்சல் வாசகர்

நீங்க லாம்ப்டா ஒட்டுன இடம்தான் விஷயமே.

நம்ம ஊர்ல சம்பந்தம் பேசப் போனா எப்பிடி? பையன் நேர்ல நிப்பான், சாயா எல்லாம் குடுப்பான், ஆனா அவன்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, தெருவுல போய் "எந்தக் குடும்பம்"னுதான் விசாரிப்பாங்க. லென் ஃபங்ஷனும் அப்படித்தான். உங்க ஆப்ஜெக்டைப் பாக்காது, அதுக்க கிளாஸைப் போய்க் கேக்கும், கிளாஸ்ல இல்லன்னா அதுக்க அப்பன் தாத்தன் கிளாஸ்ல தேடும், அங்கயும் இல்லன்னா முடிஞ்சுது. ஆப்ஜெக்ட் மேல நீங்க ஒட்டுன லாம்ப்டா பையன் சட்டைப் பைல வச்சிருக்கிற சர்டிஃபிகேட், யாரும் எடுத்துக் காட்டச் சொல்லல. கெட்ஆட்டர் இருக்கே, அது பையனுக்க சாயாக்கடை சிநேகிதன், எது கேட்டாலும் பதில் சொல்ல ரெடி, ஆனா அவன்கிட்ட யாரு கேக்கா? புள்ளி வச்சுக் கூப்பிட்டா அது சாதா ஆட்ரிப்யூட் தேடல், அப்போ மட்டும் சிநேகிதன் வருவான். லென், ஃபார், இன், கூட்டல், சதுர அடைப்பு, வித் ஸ்டேட்மென்ட்ல உள்ள என்டர் எக்ஸிட், இதெல்லாம் குடும்பத்துகிட்ட கேக்கிற கேள்வி.

எதுக்காக்கும் இந்தப் பிடிவாதம்னா வேகம் ஒரு காரணம், ஆனா அதைவிட முக்கியமா இன்னொண்ணு இருக்கு. பைத்தான்ல கிளாஸும் ஒரு ஆப்ஜெக்ட்தான, இன்ட்ங்கிற கிளாஸையே ஹாஷ் பண்ணி, அதாவது டிக்ட் தேடுறதுக்கு ஒரு நம்பராக்கி, ஒரு டிக்ட்ல கீயா வைக்கலாம். அப்போ ஹாஷ் ஃபங்ஷன் ஆப்ஜெக்ட்கிட்டயே டண்டர் ஹாஷைத் தேடுனா என்ன கெடைக்கும்? இன்ட் தனக்க பிள்ளைங்க அஞ்சு, ஏழு, பத்துக்காக எழுதி வச்சிருக்கிற ஹாஷ்தான் கைல வரும், அது "எந்த நம்பருக்குடே?"ன்னு ஒரு ஆர்க்யுமென்ட் கேட்டு எரர் அடிக்கும். பிள்ளைங்களுக்கு வச்சதை அப்பனுக்கு எடுத்து மாட்டக்கூடாது. அதனாலதான் எப்பவும் ஒரு படி மேல ஏறி கிளாஸ்ல போய்க் கேக்கிறது.

பைத்தான் 2ல பழைய பாணி கிளாஸ்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல கெட்ஆட்டர் லென்னையும் பிடிச்சிரும். 2008ல 3 வந்தப்போ அதை எடுத்துட்டாங்க. பழைய பாடத்துல "கெட்ஆட்டர் ஒண்ணு போதும், ராப்பர் ரெடி"ன்னு போட்டிருந்தா அது அந்தக் காலத்துக் கத.

உங்களுக்கு வழி: வேணுங்கிற டண்டர் எல்லாத்தையும் கிளாஸ்லயே கைப்பட எழுதணும். சோம்பலா இருந்தா மியூட்டபிள்சீக்வன்ஸை சப்கிளாஸ் பண்ணி கெட்ஐட்டம், செட்ஐட்டம், டெல்ஐட்டம், லென், இன்சர்ட் அஞ்சு எழுதுங்க, அப்பெண்ட், எக்ஸ்டெண்ட், பாப், ரிமூவ், ரிவர்ஸ் எல்லாம் வந்திரும், சார்ட் மட்டும் வராது, அதை நீங்க எழுதிக்கிடணும். லாக் எழுதுறதையும் அந்த அஞ்சுக்குள்ளயே வைங்க, இல்லன்னா சதுர அடைப்பு போட்டு மீன் வெலய மாத்துனவன் லாக்ல மாட்டவே மாட்டான். லாக் வச்சதே அதுக்குத்தான?

ஒரு விஷயம் நீங்க இன்னும் மாட்டல, மாட்டுறதுக்கு முன்னாடி சொல்லிருதேன். லென் இல்லன்னா எரராவது வருது, சத்தம் போட்டு விழுற சுவர் நல்ல சுவர். "இஃப்"ல எரரே வராது. டண்டர் பூல் இருக்கான்னு பாக்கும், இல்லன்னா டண்டர் லென் இருக்கான்னு பாக்கும், ரெண்டும் கிளாஸ்ல இல்லன்னா நேரா ட்ரூன்னு சொல்லிரும். உள்ள லிஸ்ட் காலியா கிடந்தாலும் ட்ரூதான். நான் ஒரு டியூஷன் சென்டருக்கு வருகைக் கணக்கு எழுதிக் குடுத்தேன், வராதவங்க பட்டியலுக்கு உங்களை மாதிரியே ஒரு கெட்ஆட்டர் ராப்பர், பட்டியல் இருந்தா மட்டும் பொறுப்பாளருக்கு மெசேஜ் போவணும். எல்லாப் பிள்ளைகளும் வந்த நாள்லயும் "இன்று வராதவர்கள்:"னு போட்டு அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லாம மெசேஜ் போயிட்டே இருந்துச்சு, ஒரு வாரம். அந்த அம்மா அதை நெட்வொர்க் சரியில்லாம பேரு வரலன்னு நெனச்சு தினமும் போன் போட்டு பேரைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. எரர் லாக் முழுக்கச் சுத்தம். தப்பு எனக்க, ரெண்டு வரி டண்டர் லென் எழுதாததுதான்.

"தக்கலைல இருந்து எழுதுறேன். டிக்டை உள்ள வச்ச ராப்பர், கெட்ஐட்டம் மட்டும் எழுதினேன். ஃபார் போட்டு சுத்துனா கீஎரர் 0னு வருது. நான் 0ங்கிற கீயே வைக்கலியே, அது எங்க இருந்து வந்துச்சு?"

ஃபார் போட்டா பைத்தான் கேக்கிற ஐடரை எழுதலல்லா? கிளாஸ்ல டண்டர் ஐடர் இல்லாம கெட்ஐட்டம் மட்டும் இருந்தா பைத்தான் "சரி, இது லிஸ்ட் மாதிரி ஏதோ"ன்னு நெனச்சு 0, 1, 2ன்னு வரிசையா கேட்டுப் பாக்கும், இண்டெக்ஸ்எரர் வர்ற வரைக்கும். பைத்தானுக்கு ஐடரே இல்லாத பழைய காலத்துப் பழக்கம். உங்க டிக்ட்ல 0 இல்ல, முதல் கேள்வியிலேயே விழுந்துருது. "இன்" போட்டாலும் இதே கதியாக்கும். ஐடர், கன்டெய்ன்ஸ் ரெண்டும் எழுதுங்க, தீந்துரும்.

"அக்கா, குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பர் இருக்கு. ஷீட் கணக்குக்கு சரக்குன்னு ஒரு கிளாஸ், அதுக்குக் கீழ ஷீட்னு சப்கிளாஸ். சரக்கு செட்டுக்குள்ள போவுது. ஷீட்ல டண்டர் ஈக்யூ மட்டும் எழுதினேன், கிரேடும் எடையும் ஒண்ணா இருந்தா சமம்னு. அதுல இருந்து செட்ல போட முடியல, அன்ஹாஷபிள்ங்குது. ஹாஷை நான் தொடவே இல்லயே?"

தொடலங்கிறதுதான் காரணம். ஒரு கிளாஸ்ல ஈக்யூ எழுதி ஹாஷ் எழுதலன்னா பைத்தான் அந்தக் கிளாஸுக்கு ஹாஷை நன், அதாவது ஒண்ணும் இல்லன்னு வச்சு மூடிரும், அப்பன் கிளாஸ்ல நல்ல ஹாஷ் இருந்தாலும் சரி. சமம்னு சொன்ன ரெண்டுக்கும் ஹாஷும் சமமா இருந்தே ஆவணும், சமத்தை நீ மாத்திட்ட, பழைய ஹாஷ் அதுக்குப் பொருந்துமான்னு பைத்தானுக்குத் தெரியாது, அதனால பொருந்தாத ஹாஷை ஓட விடுறதை விட மூடுறது மேலுன்னு மூடுது. அப்பனுக்க ஹாஷ்தான் வேணும்னா கிளாஸுக்குள்ள டண்டர் ஹாஷ் சமம் சரக்கு புள்ளி டண்டர் ஹாஷ்னு ஒரு வரி எழுதலாம்.

ஆனா உங்க கேஸ்ல எழுதாதீங்க. கிரேடும் எடையும் சேத்து ஒரு டியூப்பிளாக்கி அதை ஹாஷ் பண்ணலாம்னு அடுத்து தோணும், அதையும் செய்யாதீங்க. உங்களுக்கே தெரியும், பாலை உறைய வச்சு மெஷின்ல போட்டு எடுத்த ஷீட் புகைப்புரைல கிடந்து காய காய எடை குறையும். ஈர ஷீட்டை ஒரு எடையோட செட்டுக்குள்ள போடுறீங்க, நாலு நாள் கழிச்சு அதே ஆப்ஜெக்ட்ல எடையை மாத்துறீங்க, ஹாஷ் மாறிப் போச்சு, இப்ப அது செட்டுக்குள்ள இருந்தும் "இன்" போட்டா இல்லங்கும், லூப் போட்டா மட்டும் கண்ணுல படும். இந்த பக்கைத் தேடி நான் ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன். மாறாதது எதுவோ அதுல ஹாஷ் வைங்க, ஷீட்டுக்கு ஒரு நம்பர் போடுங்க, ஈக்யூவும் நம்பரை வச்சே இருக்கட்டும், ஆர்எஸ்எஸ் 4 கிரேடு ஷீட்டெல்லாம் தனியா பிரிக்கணும்னா அதுக்கு வேற ஒரு மெத்தட் எழுதுங்க. டேட்டாகிளாஸும் இதே சட்டம்தான், சும்மா விட்டா ஹாஷ் கிடையாது, ஃப்ரோசன் ட்ரூன்னு குடுத்து மாத்த முடியாததா ஆக்குனா ஹாஷ் தரும்.

"மார்த்தாண்டம் சந்தைல ஏத்தன் குலை எடை போட்டு வாங்குறோம். ஃப்ளோட்டை சப்கிளாஸ் பண்ணி கிலோன்னு கிளாஸ். பிரின்ட் பண்ணா பின்னாடி கிலோன்னு வரும். ரெண்டு கிலோவைக் கூட்டுனா மறுபடி வெறும் ஃப்ளோட் ஆயிருது. டண்டர் ஆட் எழுதி சரி பண்ணிட்டேன், ஆனா லிஸ்டை சம் பண்ணா இன்னும் ஃப்ளோட்தான் வருது."

ஃப்ளோட்டுக்க ஆட் எப்பவும் சாதா ஃப்ளோட்டைத்தான் திருப்பிக் குடுக்கும், நீங்க என்ன பேரு வச்சிருக்கீங்கன்னு அதுக்குக் கவலை இல்ல. இன்ட்டும் அப்படி, எழுத்து வைக்கிற எஸ்டிஆருக்க அப்பரும் அப்படி, லிஸ்ட் சப்கிளாஸை வெட்டி எடுத்தா சாதா லிஸ்ட்.

சம் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். முதல் கணக்கு பூஜ்யம் கூட்டல் கிலோ, இடது பக்கம் இன்ட் நிக்குது, இன்ட்டுக்கு கிலோவைத் தெரியாது, நாட்இம்ப்ளிமென்டட்னு கைய விரிச்சிரும், உடனே பைத்தான் வலது பக்கத்துகிட்ட டண்டர் ஆர்ஆட் இருக்கான்னு கேக்கும். உங்க கிளாஸ்ல எழுதல, ஃப்ளோட்டுக்க ஆர்ஆட் ஓடி ஃப்ளோட் வந்திரும். அதுக்குப் பொறவு ஃப்ளோட் கூட்டல் கிலோ, கடைசி வரைக்கும் ஃப்ளோட். ஆர்ஆட் ஒண்ணு எழுதுங்க, சரியாயிரும். இதுல ஒரு அழகான சட்டமும் உண்டு, வலது பக்கம் நிக்கிறது இடது பக்கத்துக்க பிள்ளையா இருந்து, ஆர்ஆட்டைச் சொந்தமா எழுதியிருந்தா, அப்பனை விட்டுட்டு பிள்ளையைத்தான் முதல்ல கேக்கும்.

ஆனா கழித்தல், பெருக்கல், ரவுண்ட், ஏபிஎஸ், எத்தனை எழுதுவீங்க? அதோட நாளைக்கு ரூபாய்னு இன்னொரு ஃப்ளோட் சப்கிளாஸ் எழுதுவீங்க, யாராவது கிலோவையும் ரூபாயையும் கூட்டுவான், ரெண்டும் ஃப்ளோட்தான, பைத்தான் சிரிச்ச முகத்தோட ஒரு நம்பரைக் குடுக்கும். எனக்கு இது சுத்தமா பிடிக்காது. கிலோவை எதுக்குள்ளயும் பிறக்க வைக்காதீங்க, உள்ள ஒரு நம்பரை வச்ச சாதா கிளாஸா எழுதுங்க, ஆட்ல எதிர்ல வந்தது கிலோவான்னு பாருங்க, இல்லன்னா நாட்இம்ப்ளிமென்டட்டை ரிட்டர்ன் பண்ணுங்க. ரிட்டர்ன், கேட்டியளா, ரெய்ஸ் இல்ல. கடைசில எரர்னு முடியுற இன்னொரு பேரு இருக்கு, அதை ரெய்ஸ் பண்ணா மறுபக்கத்துக்கு வாய்ப்பே குடுக்காம அங்கயே விழுந்திரும். சம்முக்காக ஆர்ஆட்ல பூஜ்யத்தை மட்டும் ஏத்துக்கிடுங்க, இல்லன்னா சம்முக்கு ரெண்டாவது ஆர்க்யுமென்டா கிலோ பூஜ்யத்தைக் குடுத்திருங்க.

ரெண்டு துண்டுக் கேள்வி.

நாகர்கோவில் மாணவி: "எஸ்டிஆரை சப்கிளாஸ் பண்ணி இனிட்ல எழுத்தை மாத்துறேன், மாறவே மாட்டேங்குது." மாறாது தங்கச்சி, இனிட் ஓடுற நேரத்துக்கு அந்த எழுத்து உருவாகி முடிஞ்சாச்சு, பொறந்த பொறவு மாத்த முடியாத சாதி அது. டண்டர் நியூல மாத்தணும். இன்ட், ஃப்ளோட், டியூப்பிளுக்கும் இதே.

திங்கள்சந்தை வாசகர்: "கெட்ஆட்டர் ராப்பரை காப்பி மாட்யூல்ல குடுத்தா ரிகர்ஷன்எரர்." காப்பி உங்க இனிட்டைக் கூப்பிடாம வெறும் கூட்டை உண்டாக்கிட்டு, டண்டர் செட்ஸ்டேட் இருக்கான்னு கேக்கும், அது இல்ல, கெட்ஆட்டருக்கு வரும், கெட்ஆட்டர் உள்ள உள்ள ஆப்ஜெக்டைத் தேடும், அதை வைக்க வேண்டிய இனிட்தான் ஓடலியே, மறுபடி கெட்ஆட்டர், மறுபடி, ஆயிரம் தடவை சுத்தி விழும். கெட்ஆட்டருக்க முதல் வரியிலேயே அண்டர்ஸ்கோர்ல தொடங்குற பேரு வந்தா ஆட்ரிப்யூட்எரர் ரெய்ஸ் பண்ணிருங்க, ராப் பண்ணுன ஆப்ஜெக்டுக்கும் அண்டர்ஸ்கோர்ல தொடங்குற பேரா வைங்க.

"அக்கா, நான் தினமும் நாகர்கோவில்ல இருந்து ரயில்ல திருவனந்தபுரம் டெக்னோபார்க் போயிட்டு வாறேன். டெஸ்ட் எழுதும்போது நிஜ ஆப்ஜெக்டுக்குப் பதிலா வைக்கிற போலி ஆப்ஜெக்டான மாக் போட்டா லென் எரர் வருது, மேஜிக்மாக் போட்டா லென் 0ன்னு வருது. ஆப்ஜெக்ட்ல ஒட்டுனா எடுபடாதுன்னு போன தடவை ஒரு பதில்ல சொன்னீங்க. ஆனா நான் மேஜிக்மாக் ஆப்ஜெக்ட்லயே டண்டர் லென்னுக்க ரிட்டர்ன் வேல்யூவை 5ன்னு வச்சா லென் 5ன்னு வருதே? அதுவும் அந்த ஒரு ஆப்ஜெக்டுக்கு மட்டும். உங்க கத பொய்யா?"
ரயில் தங்கச்சி

பொய் இல்ல தங்கச்சி, ஆனா நல்லா மடக்குற கேள்வி, இந்த மாசத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதாக்கும்.

மாக் 2012ல பைத்தான் 3.3லதான் யூனிட்டெஸ்டுக்குள்ள வந்துச்சு. எழுதுனவங்களுக்கும் உன் பிரச்சினைதான்: லென் கிளாஸைத்தான் கேக்கும், கிளாஸ்ல மாத்துனா எல்லா மாக்குக்கும் மாறிப் போவும். அதனால என்ன செஞ்சாங்கன்னா, நீ ஒவ்வொரு தடவை மேஜிக்மாக் போடும்போதும் அது கமுக்கமா ஒரு புது சப்கிளாஸை உண்டாக்கி அந்த ஒரே ஒரு ஆப்ஜெக்டை அதுல பிறக்க வைக்குது. ரெண்டு மேஜிக்மாக் போட்டு ரெண்டுக்கும் டைப் ஒண்ணான்னு இஸ் போட்டுக் கேட்டுப் பாரு, ஃபால்ஸ்னு வரும், பிரின்ட்ல பேரு மட்டும் ஒரே மாதிரி இருக்கும். நீ ஆப்ஜெக்ட்ல டண்டர் லென்னை ஒட்டும்போது அதுக்க செட்ஆட்டர் அதைப் பிடிச்சு அந்தத் தனிக் கிளாஸ்ல கொண்டு வைக்குது. சாதா மாக்லயும் நீயே டண்டர் லென்னை ஒட்டுனா எடுபடும், மேஜிக்மாக்ல முன்னாடியே எல்லாம் ஒட்டி வச்சிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒண்ணு மட்டும் பாத்துக்கோ, மேஜிக்மாக்ல லென் 0ன்னு இருந்தாலும் பூல் ட்ரூன்னுதான் வச்சிருக்காங்க, காலி லிஸ்ட்னு நெனச்சு இஃப் போட்டு டெஸ்ட் எழுதுனா பாஸ் ஆகக்கூடாதது பாஸ் ஆயிரும்.

குளச்சல் அண்ணன் சட்டைப் பைல சர்டிஃபிகேட் வச்சு ஏமாந்தாரு. இவன் விசாரிக்க வர்றவங்களுக்காக தனக்குன்னே ஒரு குடும்பத்தை உண்டாக்கி, தெருவுல வீடும் எடுத்து வச்சிட்டுத்தான் சம்பந்தம் பேச உக்காருறான்.